முட்டை படாத கேக்

மூன்றாவது கேக்கையும் கொண்டுபோய் முற்றத்தில் வைத்துப் பார்த்தார் திருநாவுக்கரசு. ஒரு காக்கை வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கொத்துக் கொத்திவிட்டு, அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

"காக்காவே வேணாம்னு போயிடுச்சு. சம்பந்தி அம்மா சாப்பிடுவாங்களா?" என்றாள் அவர் மனைவி நவமணி.

"சாக்லேட் வாசனை அதுக்குப் பழக்கமில்ல லா."

"கறுப்பா இருக்கே, நம்ம சொந்தமோன்னு வந்திருக்கும், பாவம்."

திருநாவுக்கரசு பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றி இறக்கினவருக்கு ஒரு கேக்கை இறக்க முடியவில்லை. மகள் புஷ்பவள்ளிக்கு அருமையான இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை தங்கராஜுக்கு வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம். துரை வீட்டு விருந்தில் ஒருதரம் சாக்லேட் கேக் சாப்பிட்டாராம். தன் கல்யாணத்திலும் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அவரைப் பெற்ற ருக்குமணி அம்மாளோ சுத்த சைவம். கோழி குறுக்கே போனாலே வீட்டுக்குத் திரும்பித் தலைமுழுகுவார் என்று ஊரில் பேச்சு. "கேக் வைங்க, வேணாங்கல. வீட்டுலயே செய்யுங்க. முன்கூட்டியே நான் வந்து ருசி பார்ப்பேன். முட்டை வாடை வந்துச்சு, இந்தக் கல்யாணமே வேணாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. திருநாவுக்கரசு யாரிடம் செய்முறை கேட்டாலும் அவர்கள் எடுத்த எடுப்பில், "முட்டை ஆறு" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

கீழேயும் மேலேயும் கரி நெருப்பு வைத்துச் சுடுகிற சட்டியை இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு நோர்மா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "தெலூர் தடா, கேக் தடா லா!" என்று தினமும் கத்தினாள். முட்டை இல்லாவிட்டால் கேக்கும் இல்லையாம்.

"மெதுவாப் பேசச் சொல்லுங்க. தெலூர்னா என்னன்னு சுங்கை பினாங் பூராவும் தெரியும்" என்று பதறினாள் நவமணி.

முட்டைக்குப் பதில் தயிர் ஊற்றிய கேக்கை வெட்ட அரிவாள்மனை தேவைப்பட்டது. ஆப்பச்சோடாவை அள்ளிப் போட்டது சவக்காரம் போலக் கரித்தது. வாழைப்பழம் பிசைந்து போட்டதுதான் காக்கை அலகைத் துடைத்துக்கொண்ட கேக்.

"நவமணி, ஆப்பம் எப்படி உப்புது?" என்று கேட்டார் திருநாவுக்கரசு. "கள்ளு ஊத்தித்தானே?"

"கல்யாண வீட்டுல கள்ளா?"

"வேகும்போது எல்லாம் ஆவியாப் போயிடும். கேக்கு மட்டும்தான் நிக்கும்."

நெற்றி நிறையத் திருநீறும் கையில் தூக்குச்சட்டியுமாக அரசாங்கக் கள்ளுக்கடை வரிசையில் போய் நின்றார். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தவரில்லை. அன்றைக்கென்று பார்த்துக் கோயில் தர்மகர்த்தா ரிக்‌ஷாவில் அந்த வழியாகப் போனார். போனவர் ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

கேக் உப்பத்தான் செய்தது. உப்பி, பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதே சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டான்.

"அம்மா நாளைக்குக் காலையிலயே வர்றாங்களாம். தர்மகர்த்தா என்னமோ சொன்னாராம். கேக்கையும் பார்க்கணுமாம், உங்களையும் பார்க்கணுமாம்."

உள்ளே புஷ்பவள்ளி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவருக்கு நெஞ்சை அறுத்தது. கேக் இல்லை என்றால் மாப்பிள்ளைக்கு மனத்தாங்கல். கள்ளுக்கடைக்குப் போனது கேக்குக்காகத்தான் என்று காட்டவாவது ஒரு கேக் வேண்டுமே! திருநாவுக்கரசு குடையை எடுத்துக்கொண்டு பாசாருக்குக் கிளம்பினார்.

திரும்பி வரும்போது மடக்கிய குடைக்குள் ஆறு முட்டைகள் இருந்தன. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

"அண்ணே, கையில குடையை வச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டுப் போறீங்களே?" என்றார் எதிரே வந்த ஒருவர்.

"இது வெயில் குடை, தம்பி."

வீட்டில் நவமணி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு மாவைச் சலித்தாள். "நான் எதையும் பார்க்கல. நீங்க அடிங்க. சிவ சிவா!"

முட்டை ஓடுகளை முருங்கைமரத்தடியில் ஆழமாகப் புதைத்தார். கேக் பஞ்சு போல வந்தது; நடுவில் மட்டும் லேசாக அமுங்கியிருந்தது. வாசனைக்கு நோர்மாவே வேலியருகில் வந்து நின்று, நல்ல வேளையாக, ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள்.

மறுநாள் காலை ருக்குமணி அம்மாள் கணவரோடு வந்து இறங்கினார். கள்ளு, கேக்கில் ஆப்பச்சோடாவுக்குப் பதிலாக ஊற்ற வாங்கியது என்று திருநாவுக்கரசு சொன்னதை நம்பினாரோ இல்லையோ, "கேக்கைக் கொண்டாங்க" என்றார்.

ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு துண்டை எடுத்து, விரலால் அமுக்கிப் பார்த்து, முகர்ந்து, அதையும் தின்றார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

"நீங்க வாசல்ல போய் உக்காருங்க. சம்பந்திங்ககிட்ட நான் தனியாப் பேசணும்."

அவர் போனதும் கதவைச் சாத்தினார். நவமணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பெற்ற மகளின் வாழ்வை ஆறு முட்டைக்கு விற்றுவிட்டேனே என்று நினைத்தபடி திருநாவுக்கரசு இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா, தப்பெல்லாம் என் பேர்ல. அதுக்காகப் பிள்ளைங்களப் பிரிச்சிடாதீங்க..."

ருக்குமணி அம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அடிச்சிருக்கீங்க, அதான் நடுவுல அமுங்கியிருக்கு. வெள்ளைக்கருவைத் தனியா நுரைக்க அடிச்சுக் கடைசியில சேருங்க சம்பந்தி, நான் அப்படித்தான் செய்வேன்."