ஆறு மணித் தட்டு

கிளியைத் திருத்துவது என்று அரைக்கிராம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். கடைத்தெரு முழுவதையும் திருத்தியவருக்கு ஒரு கிளி எம்மாத்திரம்.

அரைக்கிராம் என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். அவர் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளர். தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகு, முள்ளுக்குப் பின்னால் ஒளித்த காந்தம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே தட்டின் விளிம்பில் இறங்கும் சுண்டுவிரல் என்று இருபத்தெட்டு வருஷமாக எல்லாவற்றையும் பார்த்தவர். யாருக்கும் தெரியாத ஒரு பலவீனம் அவருக்கு இருந்தது. ஏமாற்று வேலை சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தால், ஒரு கை நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே மனசு சபாஷ் போட்டுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் டாக்டர் அவரை எதிரே உட்காரவைத்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். சர்க்கரை. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். தட்டில் பாதி காய்கறி இருக்கவேண்டும், வறுத்த கடலை கண்ணிலேயே படக்கூடாது, எண் இறங்காவிட்டால் தினமும் ஊசி. அரைக்கிராம் ஊசிக்குப் பயந்தவர். காய்கறிக்கு அதைவிடக் கொஞ்சம்தான் குறைவாகப் பயந்தவர். சாப்பாட்டில் ஒரு பீன்ஸ் துண்டு தென்பட்டால் போதும், தராசுத் தட்டில் மெழுகைக் கண்டவர்போல இரண்டு விரலால் எடுத்து ஓரத்தில் வைப்பார்.

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என்ன சொன்னாங்க என்று மனைவி கேட்டாள். எல்லாம் சரியா இருக்காம் என்றார். சரி என்று அவள் உள்ளே போய்விட்டாள். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. அந்த நல்ல குணத்துக்காக அவளை அன்று மனசாரப் பாராட்டினார். சீட்டு பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தொலைந்ததும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டார்.

மனைவி பதினைந்து வருஷம் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவள். ஒரே நேரத்தில் பன்னிரண்டு வாய்களுக்கு ஊட்டியவள். துப்புகிற வாய், இறுக மூடிக்கொள்கிற வாய், விழுங்கிவிட்டதாகக் காட்டிக் கன்னத்தில் அடக்கிவைக்கிற வாய், எல்லாம் அவளுக்குப் பழக்கம். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. இந்த விவரங்கள் எல்லாம் அரைக்கிராமுக்குத் தெரியும். ஆனால் அவை தனக்குச் சம்பந்தப்பட்டவை என்று அவர் நினைத்ததில்லை.

கிளி மகளுடையது. வேலை கிடைத்து வெளியூர் போனவள் ஒரு வருஷத்துக்கு முன் கூண்டோடு விட்டுவிட்டுப் போனாள். பச்சை நிறம், நூற்றிருபது கிராம், அதில் பாதி அலகும் பிடிவாதமும். அரைக்கிராம் சாயங்காலம் வந்ததும் அதற்குச் சூரியகாந்தி விதை கொடுப்பார். அது ஒன்றொன்றாக உடைக்கும். அவர் எதிரே உட்கார்ந்து வறுத்த கடலையை ஒன்றொன்றாக உடைப்பார். இரண்டு பேருக்கும் நல்ல புரிதல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் பறவை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாளாம். விதையே தின்றுகொண்டிருந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடுமாம். காயும் கீரையும் பழகவேண்டுமாம். டாக்டர் சொன்னதையெல்லாம் எழுதி வந்திருந்தாள்.

"விட்டுடலாங்க," என்றாள். "நானும் எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். என்னை அது ஒரு ஆளாவே மதிக்கல."

"நான் பார்த்துக்கறேன்."

"உங்களாலயும் முடியாதுங்க."

இந்த இடத்தில்தான் அவர் எழுந்து நின்றார்.

தாளை அவள் அவரிடம் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றாகப் படித்துச் சொன்னாள். முதல் நாள் சொன்னது இது. கிளி கூட்டமாக வாழ்கிற பிராணி. கூட்டத்தில் மூத்தது எதைச் சாப்பிடுகிறதோ அதைத்தான் மற்றதும் நம்பிச் சாப்பிடும்.

"மூத்ததுன்னா?"

"உங்களைத்தான் அது அப்படிப் பாக்குது," என்றாள். அவர் தலையை லேசாக நிமிர்த்திக்கொண்டார். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதில் உள்ள சங்கடம் அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு வந்தது. காரட், பீன்ஸ், பீட்ரூட், எல்லாம் விரல் நுனி அளவுக்கு நறுக்கியவை. கிளி எதிர் நாற்காலியின் முதுகில் உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு காரட் துண்டை அதனிடம் நீட்டினார். அது வாங்கியது, பார்த்தது, தரையில் போட்டது. அவர் இன்னொரு துண்டைத் தன் வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"முழுங்கணுங்க," என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே. "நடிச்சா கண்டுபிடிச்சிடுமாம்."

விழுங்கினார். ஆஹா என்றும் சொன்னார். சொல்லவேண்டும் என்று தாளில் இருந்ததாம்.

அதன்பிறகு நடந்தவற்றை ஒரு போர் என்றுதான் சொல்லவேண்டும். கிளி கீரையைக் கிழித்துத் தோரணம் கட்டியது. பீட்ரூட்டை மென்று அவருடைய வெள்ளைச் சட்டையில் துடைத்தது. துண்டுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் விளையாட்டென்று நினைத்துத் தின்னும் என்று தாள் சொன்னது. கோத்தார். கிளி ஊஞ்சல் ஆடியது. விதையோடு காயைத் துருவிக் கலந்து, தினமும் காயைக் கொஞ்சம் கூட்டி விதையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னது தாள். அலுவலகத்துச் சின்னத் தராசைக் கொண்டுவந்து கிராம் கணக்கில் கலந்தார். கிளி ஒரு துருவல்கூட ஒட்டாமல் விதையை மட்டும் பிரித்தெடுத்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்து அவருக்கே மரியாதை வந்தது.

அதே நாட்களில் தன் சோற்றிலும் காய் கொஞ்சம் கூடிச் சோறு கொஞ்சம் குறைந்துகொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் கிளியின் தட்டில் இருந்தது. வறுத்த கடலை டப்பாவும் அலமாரியில் காணோம். கேட்டதற்கு, இப்போது கடையில் நல்லதாகவே வருவதில்லை என்றாள். கிளி மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்போதெல்லாம் அவர் குழைந்து, ஒரு வாய், ஒரே ஒரு வாய், எனக்காக என்று கெஞ்சினார். கடைத்தெருவில் யாராவது கேட்டிருந்தால் அதன்பிறகு ஒரு தராசும் அவருக்குப் பயந்திருக்காது.

பதினெட்டாம் நாள் அவர் சோர்ந்துபோனார். இது திருந்தாத ஜென்மம், நாளையோடு நிறுத்திவிடலாம் என்றார். உங்க இஷ்டம் என்றாள் மனைவி.

பத்தொன்பதாம் நாள் அவர் ஒரு பீன்ஸைப் பாதி கடித்தபோது கிளி மேஜையில் இறங்கி நடந்துவந்து, மீதிப் பாதியை அவர் விரலிலிருந்து பிடுங்கியது. கடித்தது. கண்ணைச் சுருக்கியது. மறுபடி கடித்தது. முழுவதையும் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் காலை நீட்டியது.

பதவி உயர்வு வந்த அன்றுகூட அவருக்கு இப்படிக் கண் கலங்கியதில்லை.

"உங்களால மட்டுந்தாங்க முடியும்," என்றாள் மனைவி. அவர் நம்பினார். இனிமேல் ஒருநாள்கூடத் தட்டைத் தவறவிடக்கூடாது, மூத்தது நிறுத்தினால் இதுவும் நிறுத்திவிடும் என்று அவரே சட்டம் போட்டார். குடைமிளகாய், பூசணி, பச்சைப் பட்டாணி என்று தட்டு விரிந்தது. கிளிக்காகக் கடைத்தெருவில் காய் பொறுக்கினார். பீன்ஸ் பிஞ்சா முற்றலா என்று ஒடித்துப் பார்க்கும் அரைக்கிராமைப் பார்த்துக் காய்க்காரர் அவசரமாகத் தராசைத் துடைத்தார்.

மூன்று மாதம் முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் மறுபடி ரத்தம் கொடுத்தார். டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். எண் கீழே இறங்கி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஊசி வேண்டாம்.

"அப்படி என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர். வீட்ல ஒரு கிளி இருக்கு."

டாக்டர் அதை எதிலும் எழுதிக்கொள்ளவில்லை.

தெருவுக்கு வந்ததும்தான் அரைக்கிராமுக்குத் தன் நிலைமை புரிந்தது. இவ்வளவு நல்ல செய்தியை வீட்டில் சொல்ல முடியாது. கெட்ட செய்தியை அங்கே சொன்னதே இல்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்றைய பட்டியலில் கடைசியாக இருந்தது பறவை டாக்டரின் மருத்துவமனை. அங்கேயும் ஒரு தராசு உண்டு, அதற்கும் வருஷத்துக்கு ஒரு முத்திரை உண்டு. போன வருஷம்வரை வேறொருவர் பார்த்த பகுதி. அரைக்கிராம் எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் அவர் வீடு எங்கே என்று விசாரித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"பச்சைக் கிளி வீடா? அதெல்லாம் அருமையான கிளியாச்சே. போன வருஷம் வந்துச்சு. மூணே வாரம், எதை வச்சாலும் சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு. உங்க வீட்டு அம்மாவுக்கு அப்படி ஒரு கை."

"போன வருஷமா?" என்றார் அரைக்கிராம். அவர் கையில் இருநூறு கிராம் கல் இருந்தது.

"ஆமா. ரெண்டாவது எப்படி இருக்கு?"

"எது ரெண்டாவது?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை அந்த அம்மா கிளி இல்லாமல் தனியாக வந்தாராம். வீட்டில் இன்னொன்று இருக்கிறது, அது காய்கறியைத் தொடமாட்டேன் என்கிறது, உடம்புக்கு ஆபத்து, என்ன செய்யலாம் என்று கேட்டாராம்.

"கூட்டிட்டு வாங்கன்னேன். வராது, டாக்டர்னாலே பயம்னாங்க. என்ன வயசுன்னேன். ஐம்பத்தாறுன்னாங்க. பெரிய ஜாதிக் கிளி அவ்வளவு நாள் இருக்கும், அதுல ஆச்சரியமில்ல. என்ன சாப்பிடுதுன்னேன். வறுத்த கடலையாம். அதை முதல்ல கண்ணுல படாம எடுத்து வைங்க, நல்லாப் பழகினப்புறம் பரிசா அஞ்சு கொடுங்க, ஒரேயடியா நிறுத்தினா ஏங்கிப்போயிடும்னேன். எல்லாத்துக்கும் மேல, அதைக் கட்டாயப்படுத்தாதீங்க. நீங்க அக்கறையா இருக்கறது தெரிஞ்சாலே அடம் பிடிக்கும். தானே முடிவெடுத்த மாதிரி அதுக்குத் தோணணும். இன்னொரு கிளியைப் பக்கத்துல உட்காரவச்சுட்டு, நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வேற வேலை பாருங்கன்னேன்."

அரைக்கிராம் கல்லைத் தட்டில் வைத்தார். முள் சரியாக நின்றது. முத்திரையைக் குத்தினார்.

"ரெண்டாவதும் நல்லா சாப்பிடுது," என்றார்.

பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மனைவியின் வேலையை முதலிலிருந்து சோதித்துப் பார்த்தார். அவர் அலுவலகத்தில் இருக்கும்போது கிளிக்குப் பதினொரு மணிக்கு ஒரு தட்டு, நாலு மணிக்கு ஒரு தட்டு போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் காயட்டும் என்று கூண்டை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போவாள், அங்கே ஒன்று. ஆறு மணிக்கு வயிறு நிறைந்த கிளி, விதை கொடுக்கிற இளிச்சவாயன் வந்துவிட்டான் என்று தெரிந்து காரட்டைத் தரையில் போடாமல் வேறென்ன செய்யும். பதினெட்டாம் நாள் அவர் கைவிடப் பார்த்தார். அதனால் பத்தொன்பதாம் நாள் நாலு மணித் தட்டு போயிருக்காது.

தராசு சரி. கல் சரி. முத்திரை சரி. சரக்கை மட்டும் மாற்றியிருக்கிறாள். நிறுத்தது ஒரு கிளியை, தட்டில் உட்கார்ந்தது வேறொன்று. இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வேலையை அவர் பார்த்ததில்லை. மனசு போட்ட சபாஷ் வாய்வரை வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் என்ன என்று கேட்டார்.

இருந்தாலும் ஆய்வாளர் ஆய்வாளர்தான். கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நோட்டீஸாவது கொடுக்கவேண்டும். இன்று தட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

தட்டு வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பசியில்லை என்றார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துணி மடிக்க ஆரம்பித்தாள். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதை அவர் இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

கிளி நாற்காலியிலிருந்து இறங்கியது. மேஜையைக் கடந்து நடந்துவந்து தட்டின் முன்னால் நின்றது. தலையைச் சாய்த்து அவரையே கொஞ்ச நேரம் பார்த்தது.

"ஒரு வாய்," என்றது, அச்சு அசல் அவருடைய குரலில். "ஒரே ஒரு வாய். எனக்காக."

அவர் ஒரு காரட் துண்டை எடுத்தார். அப்புறம் ஒரு பீன்ஸ். சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. எப்போதிலிருந்து நன்றாக இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. தட்டு காலியானதும் ஆஹா என்றது கிளி.

மனைவி திரும்பினாள். "சட்டைப் பையில இருக்கறதை இப்பவே எடுத்துக் கொடுத்துடுங்க," என்றாள். "போன தடவை பையைப் பாக்காம சட்டையைத் தண்ணியில போட்டுட்டேன். டாக்டர் வட்டம் போட்ட இடம் மட்டுந்தான் மிஞ்சிச்சு."

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் சீட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓர் எண்ணைப் படிக்கத் தேவையானதைவிட அதிக நேரம் பார்த்தாள். மூன்று மாதமாக அவள் தூக்கிச் சுமந்த எடை அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது. அதை நிறுக்க அவரிடம் கல் இல்லை.

சீட்டை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டில் பெரிய பாத்திரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து, அவர் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, வறுத்த கடலையை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"அஞ்சு கொடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றாள்.

எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை.