ஏரியில் மஞ்சள் டப்பா மிதந்த விவகாரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நலமாக இருப்பதைத் தவிர வேறெதற்கும் நீங்கள் அனுமதி தரவில்லை. அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் அலுவலக விஷயங்களில் நான் தலையிடுவதில்லை. ஆனால் தொற்றுக் கட்டுப்பாட்டுச் சுற்றறிக்கையை எழுதியவர் நீங்கள்தான் என்பதால் வேறு யாரிடம் கேட்பது? 'வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உடற்பயிற்சி செய்யலாம், பொழுதுபோக்குக்காக வெளியே வரக் கூடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் விடலாம். துடுப்புப் படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு சர்வேயரை வீட்டில் அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் கூட்டத்தில் யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். உங்கள் மாப்பிள்ளை முதல் வாரம் வீட்டை அளந்தார். சமையலறைச் சுவர் நான்கு சென்டிமீட்டர் கோணல் என்று கண்டுபிடித்து, நான் அங்கே போகும்போதெல்லாம் சாய்த்ததே நான்தான் என்பதுபோலப் பார்த்தார். இரண்டாம் வாரம் பேச்சு நின்றுவிட்டது. மூன்றாம் வாரம் பரணிலிருந்து காற்றடைக்கும் ரப்பர் படகை இறக்கித் தெருக்கோடி ஏரியில் விட்டார். அன்று மாலை உள்ளே நுழைந்ததும், "டீ இருக்கா? ஒரு பெரிய ஆமையைப் பாத்தேன்" என்றார். ஒன்பது நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம். ஆமையை நான் நம்பவில்லை. டீ போட்டேன்.

அதோடு விட்டிருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். வரைபடத்தில் வீட்டை மையமாக வைத்து வட்டம் போட்டவருக்கு, ஏரியின் முக்கால் பங்குதான் ஒரு கிலோமீட்டருக்குள் வருகிறது என்று தெரிந்துவிட்டது. தவறிக்கூட உங்கள் எல்லையைத் தாண்டிவிடக் கூடாதாம். காலி டப்பாக்கள் பதின்மூன்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, கயிற்றில் கட்டி, கல் தொங்கவிட்டு, ஏரியின் குறுக்கே வளைவாக மிதக்கவிட்டார். மறுநாள் தெருவே கரையில் ஆளுக்கு ஆறடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ ஏரியை வளைத்துப்போடுகிறார்கள் என்று புகார் போய், இன்ஸ்பெக்டர் வந்தார்.

"யாருய்யா இங்க வேலி போட்டது?"

"வேலி இல்ல சார், எல்லை. இதைத் தாண்டினாத்தான் தப்பு."

"எல்லைய நாங்க போட மாட்டமா? சரி, படகுல என்ன நடக்குது? பயிற்சியா, பொழுதுபோக்கா?"

'பயிற்சி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் பொய்யே வராதே.

"ரொம்ப சந்தோஷமா இருக்கு சார்."

"அப்ப பொழுதுபோக்கு. கரைக்கு வாங்க."

படகு இப்போது காவல் நிலையத்தில் ஃபைல் அலமாரிக்கு மேல் மடிந்து கிடக்கிறது. அவர் கூடத்துச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார். மறுபடி பேச்சில்லை. கோணல் சுவரோடு என்னால் குடித்தனம் நடத்த முடியும். இந்த மௌனத்தோடு முடியாது. அதனால் 'துடுப்பு வலிப்பதும் உடற்பயிற்சியே' என்று ஒரே ஒரு வரித் தெளிவுரை அனுப்புங்கள். கரையிலிருந்து நான் கவனித்தவரை அதில் இன்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தோள்வலி, ஈரக் கால்சட்டை, கொசு.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. நீங்கள் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே போடவும்; டிவியில் பார்த்தேன்.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: தெளிவுரையில் 'ஒரு நபர்' என்று போட்டுவிடாதீர்கள். 'ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர்' என்று இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் வந்தபோது படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அவர் ஒழுங்காக "பயிற்சி சார்" என்றுதான் சொன்னார். சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னது நான். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்: "அண்ணனுக்கு எழுதுறப்ப நான் சொன்னதாவே எழுதிடு." இருபத்து மூன்று வருடத்தில் அந்த மனிதர் துணிந்த முதல் பொய். என்னால் அதை ஒரு கடிதத்தின் முடிவுவரைகூடக் காப்பாற்ற முடியவில்லை.