தரோகாஜி பெட்டியைத் திறந்த நாள்

தில்லியில் எத்தனையோ ராஜாக்கள் எத்தனையோ கோட்டைகளைக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றையாவது எவனாவது வந்து பிடிக்காமல் விட்டதுண்டா? யாராலும் பிடிக்க முடியாத ஒரே கோட்டை, தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பெண்கள் விடுதியின் மாடியறையில், ஜன்னலோரக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அது ஒரு பச்சை நிற டிரங்குப் பெட்டி. அதன் சொந்தக்காரியை விடுதி முழுக்க ‘தரோகாஜி’ என்றுதான் கூப்பிடும். தரோகா என்றால் இந்தியில் போலீஸ் இன்ஸ்பெக்டர். ‘ஜி’ மரியாதைக்கு. பயத்துக்கு என்றும் சொல்லலாம்.

நான் அந்த அறைக்குப் போனது என் ஜாதக விசேஷம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. பிறந்ததிலிருந்து கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். எம்.ஏ. சேர்ந்த வருஷம் பார்த்து அப்பாவை நாக்பூருக்கு மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்து, என்னைப் பெட்டி படுக்கையோடு விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். மாடியேறிப் போய் அறைக் கதவைத் தட்டினேன்.

“கௌன்?” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

புதிதாக வந்திருக்கும் ரூம்மேட் என்று இந்தியில் சொன்னேன். அத்தாட்சி கேட்டது குரல். அறை ஒதுக்கிய சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். சீட்டு உள்ளே போயிற்று, கதவு திறக்கவில்லை. “கர்மம்டா” என்று நான் முணுமுணுத்தது காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

“தமிழா?”

“ஆமாங்க, தமிழ்தான். திறங்களேன், ப்ளீஸ்.”

“தமிழ்னா ஒடனே தொறந்துருவேனா? எங்க வீட்ல புகுந்து பித்தளை அண்டாவத் தூக்கிட்டுப் போனவனும் தமிழ் பேசுதவன்தான்.”

திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணக்கில் எம்.எஸ்ஸி. படிக்க வந்திருந்தாள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஒரு கொத்துச் சாவி. அவள் மாடிப்படி ஏறினால் சலங்கை கட்டிய மாட்டு வண்டி வருகிற மாதிரி இருக்கும். இந்தியை ரயிலில் வரும்போது கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். அந்த இந்தியில் கேள்வியும் கட்டளையும் மட்டும்தான் உண்டு. கௌன், கியோன், ரக்கோ, சோடோ. யார், ஏன், வை, விடு. ஒரு போலீஸ்காரருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

விடுதியில் நகையைவிட அதிகம் காணாமல் போகிற பொருள் பக்கெட். அவசரத்துக்கு ஒருத்தி எடுப்பாள், அவளிடமிருந்து இன்னொருத்தி எடுப்பாள், கடைசியில் அது எந்த மாடியில் யாருக்கு வாழ்க்கைப்பட்டது என்றே தெரியாது. தரோகாஜி தன் பக்கெட்டைச் சங்கிலி போட்டுக் கட்டில் காலோடு பூட்டினாள். அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் கொட்டை எழுத்தில், தமிழில் எழுதினாள்: ‘இது உன்னுடையது இல்லை. அது உனக்கே தெரியும்.’ தமிழ் படிக்கத் தெரியாத பெண்கள் அதை ஏதோ தென்னாட்டு மந்திரம் என்று முடிவுகட்டினார்கள். பாட்னாப் பெண் ஒருத்தி எங்கள் அறைக்கு வந்தால் முதலில் பக்கெட்டைக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்களோடு பேசுவாள்.

செருப்பு விஷயத்தில் அவள் வழி வேறு. இடது செருப்பு வாசலில், வலது செருப்பு அறைக்குள்ளே. “ஒத்தச் செருப்ப எவளும் தூக்கமாட்டாட்டி” என்பாள். தூக்கவில்லைதான். ஆனால் தினமும் காலையில் ஒரு காலில் நொண்டிக்கொண்டே வாசல்வரை போக வேண்டியிருந்தது.

குளிர்காலத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால், துணிக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படிப்பாள். இது தெரிந்து மற்றவர்கள் தங்கள் துப்பட்டாக்களையும் ஜீன்ஸ்களையும் அவள் துணிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். இலவசக் காவல்! “நான் என்ன ஒங்க வீட்டு வாட்ச்மேனா?” என்று தமிழில் கத்துவாள். கத்திவிட்டு, காற்றில் பறந்த யாருடைய துப்பட்டாவையோ துரத்திக்கொண்டு ஓடுவாள்.

உச்சகட்டம் வார்டன் மேடத்திடம் நடந்தது. விடுதியே நடுங்கும் அம்மாள் அவர். ஒருநாள் மாலை வருகைப் பதிவு எடுக்க வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

“கௌன்?”

“வார்டன்.”

“கௌன்சி வார்டன்?”

இருந்ததே ஒரே வார்டன். எந்த வார்டன் என்ற கேள்வியை அவர் தன் பதவிக் காலத்திலேயே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார். நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் அவர் முகம் குங்குமமாகிவிட்டது. தரோகாஜி அசரவில்லை. “குரல மாத்திப் பேசலாம்லா?” என்றாள் என்னிடம்.

இத்தனை காவலும் அந்தப் பச்சைப் பெட்டிக்கு முன்னால் ஒன்றுமில்லை. அதை அவள் யார் எதிரிலும் திறந்ததில்லை. நான் குளிக்கப் போனபிறகுதான் திறப்பாள். நான் திரும்பி வரும்போது பூட்டு பழையபடி தொங்கும். அதற்குள் என்னதான் இருக்கிறது? கோயில் நகை என்றாள் ஒருத்தி. சொத்துப் பத்திரம் என்றாள் இன்னொருத்தி. எதிர் அறை சிம்மி, தரோகாஜியின் அப்பா கடத்தல்காரராக இருக்க வேண்டும் என்றாள்.

இந்தச் சிம்மி லூதியானாப் பெண். நல்ல மனசு, ஆனால் எதையும் கண்ட இடத்தில் போடுகிற கை. ஜனவரியில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது அம்மா போட்டுவிட்ட தங்கச் சங்கிலியோடு வந்தாள். அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். தரோகாஜி பார்த்துவிட்டாள். சாப்பாட்டுக் கூடத்துக்கே போய், சிம்மியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வகுப்பெடுத்தாள். தன் இந்தி போதாத இடத்தில் என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள்.

“தலகாணிக்கு அடியில வைக்காத. அலமாரியில வைக்காத. திருடன் மொதல்ல அங்கதான் பாப்பான். அவன் கனவுலயும் நெனைக்காத எடத்துல வைக்கணும். சொல்லுட்டி அவகிட்ட!”

சொன்னேன். சிம்மி பயபக்தியோடு, “அச்சா தரோகாஜி” என்றாள்.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலை. சிம்மியின் அலறலில் மாடியே கூடிவிட்டது. அண்ணன் நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குக் கிளம்புகிறாள், சங்கிலியைக் காணோம்.

வார்டன் மேடம் வந்தார். அறையைச் சும்மா ஒரு பார்வை பார்த்தார். “பச்சையம்மா எங்கே?” என்றார்.

பச்சையம்மா எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கிறவர். விழுப்புரம் பக்கத்துக்காரர். விடுதிக்குப் பின்னாலிருந்த ஜுக்கி குடிசைகளில் ஒன்றில் குடியிருந்தார். துடைப்பமும் கையுமாக வந்து நின்றார். அவருடைய துணிப்பையை வாங்கி எல்லார் முன்னாலும் கொட்டும்படி விடுதி வாட்ச்மேனிடம் சொன்னார் மேடம். “இப்போதே சொல்லிவிடு. போலீஸ் வந்தால் என் கையில் இல்லை” என்று இந்தியில் மிரட்டினார். பச்சையம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

“நான் எடுக்கல பாப்பா. எம் புள்ளிங்க மேல சத்தியமா எடுக்கல.”

வாட்ச்மேன் பைக்குக் கை நீட்டினார். அப்போது சலங்கைச் சத்தம் கேட்டது. தரோகாஜி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பைக்கும் வாட்ச்மேனுக்கும் நடுவில் நின்றாள்.

“கியோன்?” என்றாள். “இஸ்கா கியோன்?” இவங்களுடையது மட்டும் ஏன்?

“வேறு யாருடையதைப் பார்ப்பது?” என்றார் மேடம்.

“சப்கா.” எல்லாருடையதும்.

அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். “உனக்கு எதுக்கு வம்பு? நீதானே உலகத்துல எல்லாரையும் சந்தேகப்படுவே?”

“ஆமா, படுதேன். இந்த அக்காவ நான் வந்த புதுசுலயே சந்தேகப்பட்டாச்சு. கொலுச வேணும்னே கட்டிலுக்கு அடியில போட்டுட்டுப் போனேன். எடுத்து மேஜையில வச்சுட்டு, ‘சாமானத்த இப்படியா போடுவ’ன்னு ஏசுனாங்க.”

“அப்புறம் என்ன?”

“அப்புறமும் சந்தேகப்பட்டேன். நல்லவங்க மாதிரி நடிக்கலாம்லா? இப்பவும் சந்தேகம் இருக்கு. ஆனா ஒம்மேல எவ்வளவு இருக்கோ, வார்டன் மேல எவ்வளவு இருக்கோ, அவங்க மேலயும் அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு குந்துமணி கெடையாது.”

என்னை உதறிவிட்டு அறைக்குள் போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பச்சைப் பெட்டியைக் கரகரவென்று இழுத்து வராந்தாவின் நடுவில் கொண்டுவந்து போட்டாள். “பெஹலே மேரா,” என்றாள். முதலில் என்னுடையது.

கழுத்துக் கயிற்றை உருவினாள். பெரிய பூட்டைத் திறந்தாள். சின்னப் பூட்டைத் திறந்தாள். குறுக்கே கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். மூடி திறந்தது. எட்டிப் பார்த்த கழுத்துகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

கோயில் நகை இல்லை. பத்திரம் இல்லை. இரண்டு சல்வார் செட், ஒரு நூல் சேலை, கிழிந்த இடத்தில் வேறு நிற நூலால் தைத்த ஸ்வெட்டர், ஒட்டுப்போட்ட உள்பாவாடைகள், டப்பாவில் பருப்புப் பொடி. ஒவ்வொன்றாக எடுத்து, உதறிக் காட்டி, தரையில் அடுக்கினாள். அடியில் செய்தித்தாளில் சுற்றிய கனமான பொட்டலங்கள். ‘இதோ வந்துவிட்டது’ என்று எல்லாரும் குனிந்தார்கள். பிரித்தாள். புத்தம் புதுப் பூட்டுகள்! இருக்கிற பூட்டு பழுதானால் மாற்றுவதற்கு.

யாரோ கிளுக்கென்று சிரித்தாள். சிரிப்பு தொற்றிக்கொண்டு போயிற்று. தரோகாஜியின் காதுமடல் சிவந்துவிட்டது. தன் இல்லாமையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அத்தனை நாள் பூட்டிக் காத்தவள், ஒட்டுப்போட்ட பாவாடையைக்கூட மறைக்காமல் நிமிர்ந்து நின்று, “அப் கௌன்?” என்று கேட்டாள். அடுத்து யார்?

சிரிப்பு அடங்கியது. நான் போய் என் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தேன். எம்.ஏ. படிக்கிற பெண் சேர்த்து வைக்கக் கூடாத அளவுக்கு அதில் சினிமா நடிகர் படங்கள் இருந்தன. அதற்கும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, பாட்னாப் பெண் தன் பெட்டியை எடுத்துவந்தாள். அப்புறம் வராந்தா முழுக்கப் பெட்டிகளாயின.

“அப் தேரா” என்று சிம்மி பக்கம் திரும்பினாள் தரோகாஜி. இப்போது உன்னுடையது.

“மேரா? திருடு போனதே எனக்குத்தானே!” என்று துள்ளினாள் சிம்மி.

“சப்கா” என்றாள் இவள்.

சிம்மியின் சூட்கேஸைத் தரோகாஜியே கவிழ்த்தாள். ஸ்வெட்டர், ஷால், கம்பளிக் குல்லா எல்லாவற்றையும் விடாமல் உதறினாள். குளிர் முடிந்ததும் சுருட்டிப் போட்ட சிவப்புக் கம்பளி சாக்ஸ் ஒன்றைப் பிரித்து, விரல் நுனிவரை கையை விட்டாள். கையை வெளியே எடுத்தபோது அதில் சங்கிலி மின்னியது.

சிம்மி தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஹாய் ரப்பா! தரோகாஜி, திருடன் நினைக்காத இடத்தில் வைக்கச் சொன்னது நீங்கள்தானே!”

திருடன் நினைக்காத இடத்தை வைத்தவளும் நினைக்கவில்லை. வராந்தா வெடித்துச் சிரித்தது. சிம்மி அழுதுகொண்டே போய்ப் பச்சையம்மாவைக் கட்டிக்கொண்டாள். வார்டன் மேடம் மட்டும், “சலோ, சலோ, கிளாஸுக்கு நேரமாச்சு” என்று படிக்கட்டை நோக்கி நடந்தார்.

படிக்கட்டுக்கு முன்னால் ஓர் இரும்பு கிரில் கதவு உண்டு. அதில் பச்சைப் பெட்டியின் புதுப் பூட்டுகளில் ஒன்று பளபளவென்று தொங்கியது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே முந்திப் போயிருந்த தரோகாஜி சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?”

“மாஃபி,” என்றாள் தரோகாஜி. மன்னிப்பு. பச்சையம்மா பக்கம் கையைக் காட்டினாள்.

மேடம் சீறினார். விடுதியை விட்டே அனுப்பிவிடுவேன் என்றார். தரோகாஜி கிரில்லில் சாய்ந்து நின்றாள். அசையவே இல்லை. அத்தனை பெண்களும் தங்கள் பெட்டிகள்மேல் உட்கார்ந்துகொண்டு மேடத்தையே பார்த்தார்கள். மேடம் ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் பச்சையம்மாவைப் பார்த்தார். “சாரி” என்றார். சின்னக் குரல்தான். ஆனாலும் எல்லார் காதிலும் விழுந்தது.

பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி வுடும்மா. நீ அந்தப் பூட்டத் தொற பாப்பா, நான் படி கூட்டணும்.”

தரோகாஜியை விடுதியை விட்டு அனுப்பவில்லை. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து பச்சையம்மா வேலைக்கு வந்ததும் தன் துணிப்பையை எங்கள் அறையில் கொடுப்பார். இவள் அதைப் பச்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். திரும்பக் கொடுக்கும்போது தினமும் ஒரே தகராறு.

“அக்கா, எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோங்க.”

“ஒங்கிட்ட குடுத்துட்டு நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?”

“பாக்கணும்க்கா. என்னையும் சந்தேகப்படணும். அதான் நியாயம்.”

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் டேப் ரிக்கார்டர், கடிகாரம், கம்மல் என்று கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள். இப்போது திருநெல்வேலியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கிறாள். பேசும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள். அவளிடம் கொடுத்து வைத்துத் திரும்ப வாங்கிய எதையும் நான் ஒருநாள்கூடச் சரிபார்த்ததில்லை. அதற்காக அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.