கேப்டனுக்கு உடம்பு சரியில்லை

“முடியல சார்… எழுந்து உட்காரக்கூட முடியல… விடியக்காலையிலேருந்து வயிறு…” என்று ஈனஸ்வரத்தில் முனகிவிட்டுப் போனை வைத்த கேப்டன், அடுத்த நொடி கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்தாள்.

“நம்பிட்டான்! முட்டுக்கட்டை அப்படியே நம்பிட்டான்! கேட்டதும் அவன் குரலே உடைஞ்சு போச்சு!”

முட்டுக்கட்டை என்பது அவள் வேலை பார்க்கும் குட்டி விமானக் கம்பெனியின் மேனேஜர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. யார் எதைக் கேட்டாலும் குறுக்கே விழுந்து படுப்பதால் ஊழியர்கள் சேர்ந்து இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். லீவு கேட்டால் “ஆள் இல்லையேம்மா” என்பார். சம்பள உயர்வு கேட்டால் “காலம் சரியில்லையேம்மா” என்பார். அதையெல்லாம்கூடக் கேப்டன் பொறுத்துக்கொண்டாள். போன மாதம் எல்லோர் முன்னாலும் அவர் ஒன்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

“போறவங்க தாராளமா போங்க. இந்தச் சின்ன பிளேன் ஓட்டறவங்களைப் பெரிய கம்பெனிக்காரன் வாட்ச்மேன் வேலைக்குக்கூட எடுக்க மாட்டான்!”

அன்றைக்கே பெரிய கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். இன்றைக்கு மதியம் தலைநகரில் இன்டர்வியூ. லீவு கேட்டால் கிடைக்காது. அதனால்தான் இந்த வயிற்றுவலி.

“போறேன். போயே தீருவேன். எவன் குறுக்க வந்தாலும் சரி” என்று கண்ணாடி முன் நின்று சபதம் போட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவன், வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தான். “சபதமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுல போகப் போற?”

“இது என்ன கேள்விங்க? காலை ஃபிளைட்லதான்.”

“அதை யாரு ஓட்டறது?”

கண்ணாடியில் தெரிந்த கேப்டனைக் கேப்டன் முறைத்தாள்.

அந்த ஊர் மலைக்கு நடுவே இருந்தது. சாலை வழியாகப் போனால் தலைநகர் போய்ச் சேர ராத்திரியாகிவிடும். காலையில் ஒரே ஒரு விமானம் போகும், சாயங்காலம் அதுவே திரும்பி வரும். முன்பு அதை ஓட்ட நாலைந்து கேப்டன்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராக வேறு ஊர், வேறு வேலை என்று நழுவிவிட, மிச்சம் இருந்தது இவள் மட்டும்தான். தான் வயிற்றுவலி என்று படுத்தால் தன்னை இன்டர்வியூவுக்குக் கொண்டுபோகும் விமானமும் படுத்துவிடும் என்பது இத்தனை படித்த மூளைக்குத் தோன்றவே இல்லை.

“சிரிக்காதீங்க. எரிச்சலா வருது” என்றாள் கணவனிடம்.

“சிரிக்கலம்மா. பேஸ்ட்டு நுரை” என்றான் அவன்.

அவள் மறுபடி போன் போட்டாள். “சார், இப்ப கொஞ்சம் பரவாயில்லை. ஓட்டிடுவேன்.”

வழக்கமாக எதற்கும் உடனே சம்மதிக்காத மேனேஜர், “அப்படியா? அப்படியாம்மா?” என்று குழந்தை மாதிரி குதூகலித்தார். “ஆனா உடம்பு சரியில்லைன்னு ஒரு தடவை சொல்லிட்டா டாக்டர் பார்த்துதான் அனுப்பணும். நீங்க அசையாதீங்க. நானே காரை எடுத்துட்டு வரேன்!”

டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டுமே என்று பதறுகிறான் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டாள் கேப்டன். இன்டர்வியூவுக்கென்று ஆசையாகத் தைத்த கோட்டு சூட்டை அவர் கண்ணில் காட்ட முடியாது. வேறு வழியில்லாமல் வழக்கமான வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

காருக்குள் ஏறியதும் சென்ட் வாசனை ஆளைத் தூக்கியது. கேப்டன் மூக்கைப் பொத்தினாள்.

“குமட்டுதாம்மா?” என்று வெளிறிப்போனார் மேனேஜர். “வேண்டாம்மா. இன்னைக்கு மட்டும் எதுவும் ஆயிடக் கூடாது. ஜன்னலைத் திறந்துக்கோங்க.”

விமான நிலையத்தில் கம்பெனி டாக்டர் தயாராக இருந்தார். தலைவலி என்று போனால் பரம்பரை வரலாறு வரைக்கும் விசாரிக்கிற மனிதர் அவர். இன்றைக்கு எத்தனை ஊசி குத்தப் போகிறாரோ என்று கேப்டனுக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது.

“நாக்கை நீட்டுங்க.”

நீட்டினாள்.

“பிரமாதமான நாக்கு!” என்றார் டாக்டர், அவள் நாக்கைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. “நீங்க தாராளமா பறக்கலாம். ஒரு முன்னெச்சரிக்கைக்கு நானும் கூடவே வரேன். வழியில ஏதாவது ஆச்சுன்னா?”

“நானும் வரேன்” என்றார் மேனேஜர். “பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?”

கேப்டனுக்குப் பகீரென்றது. ஒரு பொய் சொன்னதற்கு இரண்டு காவல்காரர்களா! தலைநகரில் இறங்கி இவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது? இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் அவள் இன்டர்வியூ கட்டடத்தின் நிழலைக்கூட மிதிக்க முடியாது.

அதற்குள் அடுத்த வம்பு வாசலிலேயே நின்றது. கேப்டனுக்கு வயிறு சரியில்லை என்ற செய்தி எப்படியோ பரவி, பயணிகள் ஏற மாட்டோம் என்று விமானப் படிக்கட்டின் கீழே கூடிவிட்டார்கள். முன்வரிசையில் மரக்கடை முதலாளி, வாராவாரம் வருகிறவர்.

“வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டறவங்களை நம்பி நாங்க எப்படிம்மா ஏறுறது?”

மேனேஜர் கையைப் பிசைந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கேப்டனுக்கு வந்ததே கோபம்!

“அண்ணே, இங்க பாருங்க. எத்தனை வருஷமா என்கூட வரீங்க? இந்த மலைக்காத்துல ஒரு தடவையாவது உங்க காபி சிந்தியிருக்கா?”

“சிந்தினதில்ல…”

“அந்த அடைமழையில உங்க மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்ப, ஓடுபாதையே தெரியாம இருந்துச்சே. யாரு இறக்கினது?”

“நீங்கதாம்மா.”

“அப்ப எனக்குக் கடுமையான ஜலதோஷம். அதை யாராவது கேட்டீங்களா?”

மரக்கடைக்காரர் முதல் ஆளாக ஏறினார். மற்றவர்கள் பின்னாலேயே ஏறினார்கள். கேப்டனுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே உறுத்தலாகவும் இருந்தது. இந்த மனிதர்களை விட்டுவிட்டுப் போகத்தானே இத்தனை பாடு?

பக்கத்து இருக்கையில் கோ-பைலட். சாதாரணமாக வாய் ஓயாத பையன், இன்றைக்கு உதட்டுக்குள்ளேயே எதையோ முணுமுணுத்தபடி வந்தான்.

“என்னப்பா, என்னை நினைச்சுப் பயமா? எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“உங்களை நினைச்சு எனக்கென்ன மேடம் பயம்?” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

மேகத்தைத் தாண்டியதும் ஏர் ஹோஸ்டஸ் எட்டிப் பார்த்தாள். “மேடம், எத்தனை மணிக்கு இறங்குவோம்?” அவள் போனதும் டாக்டர் அதையே கேட்டு ஆள் அனுப்பினார். பிறகு மேனேஜரும் கேட்டு அனுப்பினார். என் வயிற்றின் மீது இவர்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று கேப்டன் பல்லைக் கடித்தாள்.

தலைநகரில் பூப்போல இறக்கினாள். இறங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி அஸ்திரத்தை வீசினாள்.

“சார்… மறுபடியும்… நான் பாத்ரூம் போயிட்டு…”

“போங்கம்மா, போங்க!” என்றார் மேனேஜர் மகா பெருந்தன்மையாக. “அவசரமே இல்ல. சாயங்காலம் கிளம்பறதுக்குள்ள வந்தாப் போதும்.”

“நல்லா ரெஸ்ட் எடுங்க” என்றார் டாக்டர். “என்னை மட்டும் தேடாதீங்க.”

பாத்ரூம் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். காவல்காரர்களைக் காணோம். பின்வாசல் வழியாக ஓடிப்போய் டாக்சி பிடித்தவளுக்கு, தன் சாமர்த்தியத்தை நினைத்து வழியெல்லாம் சிரிப்பு தாங்கவில்லை.

பெரிய கம்பெனியின் ஐந்தாவது மாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மலைக்காற்று, மழை, ஓடுபாதை, பழுதான கருவி என்று துளைத்துத் துளைத்துக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். கடைசியில் நடுவில் இருந்தவர் புன்னகைத்தார்.

“எங்களுக்குத் திருப்தி. எடுத்துக்கறோம். சம்பளம் இப்ப வாங்கறதைப் போல ரெண்டு மடங்கு.”

கேப்டனுக்கு ஜிவ்வென்றிருந்தது.

“ஆனா கோ-பைலட்டாத்தான் சேரணும்” என்றார் அவர். “ஒரு ஏழெட்டு வருஷம் வலது பக்கத்து சீட்.”

“நான் கேப்டன் சார்.”

“அது அங்க. இங்க எல்லாருக்கும் முதல்லேருந்துதான். அப்புறம், அந்தச் சின்ன பிளேன் பழக்கத்தையெல்லாம் மறந்துடணும்.”

அந்தக் கடைசி வார்த்தை வந்திராவிட்டால் ஒருவேளை அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

“எந்தப் பழக்கம் சார்?” என்று நிமிர்ந்தாள். “மலை மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு நிக்கும்போது, அந்தக் காத்துல கையாலயே பிளேனை இறக்கற பழக்கமா? ஏறுறவங்க பேரையும் அவங்க பிள்ளைங்க பேரையும் தெரிஞ்சு வச்சிருக்கற பழக்கமா? அதையெல்லாம் மறந்துட்டு நான் எதுக்கு சார் பறக்கணும்?”

“உணர்ச்சிவசப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டேன். எங்களை மாதிரி ஆளுங்களை நீங்க வாட்ச்மேன் வேலைக்குக்கூட எடுக்க மாட்டீங்கன்னு ஒருத்தர் சொன்னார். எடுத்துட்டீங்க. எனக்கு அது போதும். வேலை வேண்டாம்.”

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூடப் பொறுமையில்லை. படியில் இறங்கிக்கொண்டே கணவனுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, வேலை கிடைச்சுடுச்சு. வேண்டாம்னுட்டேன்.”

“அடிப்பாவி! அப்ப காலையிலேருந்து இத்தனை நாடகமும் எதுக்கு?”

“நான் வேண்டாம்னு சொல்லணும்னா, முதல்ல அவங்க வேணும்னு சொல்லணும்ல?”

“சரிதான். பத்திரமா வந்து சேரு கேப்டன்” என்றான். குரலில் சந்தோஷம் தெரிந்தது. அவளுக்கும் அது புரிந்தது.

ஒவ்வொரு படியிலும் அவளுக்குத் தெம்பு கூடியது. இனிமேல் பொய்யும் கிடையாது, வயிற்றுவலியும் கிடையாது. நேராக மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டியது. மேஜையை ஓங்கித் தட்ட வேண்டியது. லீவு, சம்பளம், கூடுதலாக இரண்டு கேப்டன்கள், மூன்றும் கையில் வரும்வரை அந்த அறையை விட்டு நகரக் கூடாது. பெரிய கம்பெனிக்கே முடியாது என்று சொன்னவளுக்கு ஒரு முட்டுக்கட்டை எம்மாத்திரம்!

கீழே வாசலில் செக்யூரிட்டிக்காரர், அவள் கழுத்தில் தொங்கிய பார்வையாளர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வயதானவர், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறவர் போலிருந்தது.

“செலக்ட் ஆயிட்டீங்களாம்மா?”

“ஆனேன் பெரியவரே. எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். எங்க கம்பெனிக்கே திரும்பிப் போறேன். எங்க மேனேஜரை நேருக்கு நேரா நிக்க வச்சு நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கற மாதிரி கேக்கப் போறேன்.”

பெரியவர் அவள் சட்டையில் இருந்த கம்பெனிச் சின்னத்தை உற்றுப் பார்த்தார்.

“அதுக்கு ஏம்மா அவ்வளவு தூரம் போறீங்க? உங்க மேனேஜர், டாக்டர், கோ-பைலட், அந்த ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு எல்லாரும் இங்க எங்க கேன்டீன்லதான், வேலை கிடைச்ச சந்தோஷத்துல கேக் வெட்டிக்கிட்டு இருக்காங்க!”