இது வேறு லிஃப்ட், மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டியவன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எதிரே ஆபரேஷன் அறைக் கதவுக்கு மேல் எரியும் சிவப்பு விளக்கு அணைந்தால்தான் அது நிச்சயம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன மாதம் உங்கள் தங்கை, "டாக்டரம்மாவப் பாத்தேன், லிஃப்ட் பண்ணிக்கப் போறேன்" என்றாள். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? இவளுடைய மூட்டு வலிக்கு வீட்டிலேயே லிஃப்ட் வைக்கச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று மாடிப்படியை டேப் வைத்து அளந்தேன். இன்று காலை மூட்டு வலிக்குத்தான் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து, படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் எதைத் தூக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. உங்களிடம் எப்படி எழுதுவது, இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த இடம், மச்சான். "இந்த வயசுல யாருடி பாக்கப் போறா?" என்று கேட்டுவிட்டேன். "நான் பாப்பேன்" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். தளர்ந்த தோலை எடுத்துவிட்டு மிச்சத்தை மேலே ஏற்றித் தைப்பார்களாம், தழும்பு மங்குமே தவிர மறையாதாம், கொஞ்ச நாள் மரத்துப்போகலாமாம், மல்லாந்துதான் படுக்கணுமாம், ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம், கையைத் தலைக்கு மேலே உயர்த்தக் கூடாதாம், தலைகூட நான்தான் வாரிவிடணுமாம். "எத்தனை வருஷம் வாரண்டி?" என்றேன். "வயசுக்கு வாரண்டி கெடையாதுங்க" என்றார். ரத்தக்கசிவு, மயக்க மருந்து என்று படிவத்தில் படித்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் என்றார்கள், மூன்றாகப் போகிறது. இப்போது ஒரு நர்ஸ் வெளியே ஓடி வந்து இன்னொரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு போகிறார். லிஃப்டில் ஒரு கம்பி அறுந்தாலும் தாங்குவதற்கு நாலு கம்பி வைத்திருப்போம். எனக்கு இவள் ஒருத்திதான், மச்சான். பயமாக இருக்கிறது. தடுக்காமல் விட்டதற்கு என்னை வேண்டியமட்டும் திட்டுங்கள், ஆனால் உடனே புறப்பட்டு வாருங்கள். உங்கள் மனைவியிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம், விளக்கு இன்னும் எரிகிறது.

இப்படிக்கு,
உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல்,
உங்கள் மைத்துனன்.

பி.கு.: விளக்கு அணைந்தது. நன்றாக இருக்கிறாள். மயக்கம் தெளிந்ததும் இதை வாசித்துக் காட்டினேன். "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்கிறாள். டாக்டரம்மா விலாசத்தைக் கொடுத்ததே உங்கள் மனைவியாமே! போன வருஷம், 'இவளுக்குத் தோள்பட்டை சுளுக்கு, ஆறு வாரமாக நான்தான் தலை வாரிவிடுகிறேன்' என்று எனக்கு எழுதினீர்களே, மகானே! நீங்கள் வர வேண்டாம். வலிக்காமல் சிக்கு எடுப்பது எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.