சம்பந்திக்கு நான் கண்டுபிடித்த முறைப்பெண்

ஓய்வு நேரம் அதிகமுள்ள கம்ப்யூட்டர் ஆசாமியிடம் யாரும் தங்கள் வம்சத்தை ஒப்படைக்கக் கூடாது. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் அப்படி என்னிடம் மாட்டியவர்கள் ராபர்ட், நான்சி தம்பதி. அவர்கள் மகனைத்தான் என் மகள் திவ்யா கட்டிக்கொள்ள இருந்தாள்.

தம்பதி இருவருக்குமே பூர்வீகம் ஸ்காட்லாந்து. பாட்டன் பூட்டன் விவரம் எதுவும் தெரியாது என்று ராபர்ட் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். நிச்சயதார்த்த விருந்தில் சம்பந்திக்கு என்ன பரிசு கொடுப்பது என்று விழித்துக்கொண்டிருந்த எனக்கு அது போதாதா? ஸ்காட்லாந்து சர்ச்சுகளின் பழைய ஞானஸ்நான, கல்யாணப் பதிவுகளை இணையத்தில் தோண்டினேன். பாதிரியார்கள் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். அப்பா மெக்கை, மகன் மக்கீ, பேரன் மெகீ. (என் பெயரே பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, லைசென்ஸில் வேறு மாதிரி. இதற்கெல்லாம் அசருவேனா?) ஏறக்குறைய ஒத்துப்போனால் ஒரே குடும்பம்தான் என்று ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டேன்.

வந்த பதிலில் எனக்குப் புல்லரித்துவிட்டது. ராபர்ட் ஓர் அண்ணனின் வழி, நான்சி அவன் தங்கையின் வழி. அதாவது, நான்சி அவருக்கு அத்தை மகள் முறை. எங்கள் ஈரோட்டுப் பக்கம் இதற்கு மேல் ஒரு நல்ல சேதி கிடையாது.

விருந்துக்கு முன் திவ்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். நானும் அவள் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்கள் என்று அன்றைக்கு மட்டும் சொல்லக் கூடாது. இந்த ஊரில் அதை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பக்குவமாக அவளே பிறகு சொல்லிக்கொள்வாள். சரி என்றேன். (அது எங்கள் விஷயம், இது அவர்கள் விஷயம் அல்லவா?)

எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, சம்பந்திகள் இருவரும் கஸின்ஸ் என்று அறிவித்தேன். கைதட்டலுக்குக் கொஞ்சம் இடம்விட்டேன். நான்சி முள்கரண்டியைக் கீழே வைத்தார். மாப்பிள்ளைப் பையன் தன் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

"டோன்ட் ஒர்ரி. மை ஒய்ஃப் இஸ் மை மாமாஸ் டாட்டர். நாங்க ஃபர்ஸ்ட் கஸின்ஸே."

"டாட், ப்ளீஸ் சிட் டவுன்" என்றாள் திவ்யா. அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் என் மனைவி கோமதி பேசினாள்.

"இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னா நான் எங்கப்பா ஊட்டுக்குப் போயிருவனுங்க. மாமன் ஊடுன்னு நீங்களும் பின்னாடியே வந்து நிக்காதீங்க."

மறுநாள் பயத்தோடு பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அண்ணன் ஒரு தீவு, தங்கை வேறொரு தீவு. என் புரோகிராமைத் தவிர அவர்களை யாரும் ஒரு வயிற்றில் பெறவில்லை. சம்பந்தி வீட்டுக்கே போய், தலை நிமிராமல் மன்னிப்புக் கேட்டேன். நான்சி சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இப்போதுதான் அந்த உறவுக்குப் பழகிக்கொண்டிருந்தார்களாம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இன்றும் புதிதாக யார் வந்தாலும் ராபர்ட் நான்சியை "என் அத்தே பொன்னு" என்றுதான் அறிமுகம் செய்கிறார். நான்சியும் கோமதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரை வாய் நிறைய "மாமா" என்கிறார். நிஜமான என் மாமன் மகள் இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு வெறும் "ஏனுங்க"தான்.