கீழ் லயத்துக்கு மஞ்சள் தண்ணீர் வந்த விபரம்

அன்புள்ள மாப்பிள்ளை கிஷாந்த் அவர்களுக்கு,

நோர்வூட்டிலிருந்து மாமனார் செல்லசாமி எழுதிக்கொள்வது. ஓயாத மழையையும் உங்கள் அத்தையின் முட்டிவலியையும் தவிர்த்தால் இங்கே எல்லோரும் சுகம். கொழும்பில் நீங்களும் மகள் பிரேமினியும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. அம்மன் பேச்சு வந்துவிட்டதால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளி திருவிழாவில், மஞ்சள் கரைத்த பீப்பாய்க்குள் கோயில் குழாயின் ஹோஸை அமுக்கி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேட்டு டாங்கியில் தண்ணீர் தீர்ந்துபோக, கீழ் லயத்து வரிசை வீடுகளில் குழாய்கள் எல்லாம் திறந்தே இருக்க, அதே பைப்பில் கீழே இறங்கிய தண்ணீர் பீப்பாயில் இருந்ததையும் உறிஞ்சிக்கொண்டு போய் முப்பது வீட்டிலும் மஞ்சளாகக் கொட்டியது. தண்ணீர்க் கமிட்டிச் செயலாளராகக் காரணம் சொல்ல நான் ஓடினால், அங்கே அந்த லயத்து ராக்காயி சாமி வந்து ஆடுகிறாள், கோயில் தலைவர் ஜெயகாந்தன் குழாய்க்குக் குங்குமம் வைக்கிறார். நீங்கள் பைப் வேலையில் பொருத்திப் பூட்டுகிற செக் வால்வைப் பற்றிச் சொன்னேன். உள்ளே சின்னக் கதவு, போகிற தண்ணீர் தள்ளினால் திறக்கும், திரும்புகிற தண்ணீர் தானே சாத்திவிடும் என்று கையையே கதவாக ஆட்டிக் காட்டினேன்.

"ஆத்தா வர்ற வழியில கதவு வைக்கப் போறீங்களா?" என்றாள் ராக்காயி. அதன் பிறகு என் கையை யாரும் பார்க்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. களை சாக அடிக்கிற புல் மருந்துப் பீப்பாயையும் இதே பைப்பில்தான் ஹோஸ் போட்டு நிரப்புகிறார்கள். அது கலந்தால் நிறம்கூடக் காட்டாது. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர். இதையும் கூட்டத்தில் சொன்னேன். "ஆத்தா பாத்துக்குவா" என்று ஜெயகாந்தன் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். ஆகவே வால்வு அனுப்ப வேண்டாம். பூட்ட விடமாட்டார்கள். ராஜினாமாவும் எழுதிவிட்டேன்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
செல்லசாமி
(முன்னாள் செயலாளர்)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ராக்காயி தேயிலைக் கேத்தலோடு வந்துவிட்டாள். அவள் மகன் கோயில் குழாயில் ஆட்டோ கழுவ, ஹோஸைச் சோப்பு வாளிக்குள் போட்டிருக்கிறான். டாங்கி மறுபடி காலி. அவள் ஊற்றிய தேத்தண்ணி நுரைத்துக்கொண்டிருந்தது.

"இதுவும் ஆத்தாதானா?" என்று கேட்டேன்.

"ஆத்தா எதுக்குங்க சோப்பு போடுறா? அந்தக் கதவ சீக்கிரம் பூட்டுங்க."

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். கோயிலுக்கு ஒன்று, மருந்துப் பீப்பாய் இடத்துக்கு ஒன்று என இரண்டு வால்வு உடனே அனுப்பவும். விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். ராக்காயியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "ஆத்தாளுக்குக் குடுத்தத திருப்பி எடுக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான் அந்தக் கதவு." எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது.